கணு இல்லாத இலைகள்

ஆடியில் பிடித்த கோபம் தை பிறந்தும் தமிழ்ச்செல்விக்கு இறங்கவில்லை. இறங்கிவிடக் கூடாதே என்று அதற்கு வேளாவேளைக்குத் தீனி போட்டு வளர்த்துக்கொண்டிருந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பீரோவைத் திறந்து, அடியில் கிடந்த மாம்பழக் கலர் பட்டுப்புடவையை உருவினாள். சட்டைக்குப் பட்டன் போட்டபடி எட்டிப் பார்த்த ஜெயபாண்டி, பெண்டாட்டியை மேலும் கீழும் பார்த்தான்.

"செடி மீட்டிங்குக்கா பட்டு?"

"ஏன், கட்டக் கூடாதா?"

"கட்டு, கட்டு. யாரு வீட்டுக் கல்யாணமோன்னு நினைச்சேன்."

"கிட்டத்தட்ட அப்படித்தான்னு வச்சுக்கங்க" என்று கொசுவத்தைச் செருகினாள்.

கிளம்புமுன் மாடிக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றி வருவது அவள் வழக்கம். நாகமலை புதுக்கோட்டையில் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் பாதிக்குப் பச்சை வலை கட்டியிருந்தது. ஜெயபாண்டிக்குச் சிம்மக்கல்லில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற மொத்தக் கடை. வலை, கம்பி, கயிறு எல்லாம் அங்கிருந்து வந்தவை. வலைக்குக் கீழே தொங்கிய தொட்டிகள் முழுக்க அவளுடைய ஹோயாக்கள்.

ஹோயாவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மணிபிளான்ட் மாதிரி படருகிற கொடிதான், ஆனால் அதைப் போல அவசரக்குடுக்கை கிடையாது. இலை தடித்து வழவழவென்று இருக்கும். கிள்ளினால் பால் வடியும். பூக்க வருஷக்கணக்காகும். பூத்துவிட்டாலோ, மெழுகில் வார்த்துக் கொத்தாக ஒட்டவைத்தது போல இருக்கும், நிஜப் பூதானா என்று தொட்டுப் பார்க்காத ஆளே இல்லை. மதுரை வெயிலில் இதைக் காப்பாற்றிப் பூக்க வைக்க மலையளவு பொறுமை வேண்டும். பள்ளியில் கணக்கு டீச்சராகக் குப்பை கொட்டுகிற தமிழ்ச்செல்வியிடம் அது தாராளமாக இருந்தது. பழிவாங்கவும் அதே பொறுமைதான் வேண்டும் என்பது இந்த வருஷம்தான் அவளுக்குத் தெரிந்தது.

மூலையில் ஒரு பெரிய மண்தொட்டி மட்டும் வெறுமனே நின்றது. அதில்தான் 'பெரியவ' இருந்தாள்.

ஹோயாவிலேயே பெரிய பூ பூக்கிற இம்பீரியாலிஸ் என்கிற ஜாதி. விரல் நீளத் துண்டாக வந்ததைத் தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் போட்டு, மாவுப்பூச்சி வந்தால் பஞ்சால் ஒவ்வொரு இலையாகத் துடைத்து, வலை முழுக்கப் படரவிட்டிருந்தாள். வருஷம் வருஷமாக இலைதான் வந்தது, பூ வரவில்லை. போன ஆடியில், திடீரென்று ஒரு காம்பு நீண்டு அதன் நுனியில் கருஞ்சிவப்பு மொட்டுகள் கொத்தாக இறங்கின. விரிந்தால் ஒவ்வொன்றும் காபி டம்ளர் வாய் அகலம் இருந்திருக்கும்.

விரியவில்லை. அந்த வாரம்தான் உசிலம்பட்டியில் அவள் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அலறியடித்துக்கொண்டு ஓடினாள். "நீங்க போயிட்டு வாங்க மதினி, தண்ணி ஊத்துறத நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னவள் பவதாரிணி, ஜெயபாண்டியின் ஒரே தங்கச்சி. தல்லாகுளத்தில் குடியிருக்கிறாள். செடிப் பைத்தியம் அவளுக்கும் உண்டு. அதைப் பிடிக்க வைத்ததே தமிழ்ச்செல்விதான்.

திரும்பி வந்து பார்த்தால் பெரியவளை அடியோடு ஒரே வெட்டாக வெட்டிப் போட்டிருந்தது. கொடி வலையிலேயே சுருங்கித் தொங்கியது. மொட்டெல்லாம் கருகிப்போயிருந்தது. வெட்டுவாயில் பால் காய்ந்து திட்டாக ஒட்டியிருந்ததைத் தமிழ்ச்செல்வி தொட்டுப் பார்த்தாள்.

"யாரு செஞ்சது?"

"எனக்கென்ன தெரியும் செல்வி? மாடிக்குத் தாரிணிதான் வந்து போனா" என்றான் ஜெயபாண்டி.

அது போதும் அவளுக்கு. பெரியவளிலிருந்து ஒரு துண்டு வேண்டும் என்று தாரிணி பல தடவை கேட்டிருக்கிறாள். "முதல்ல பூக்கட்டும், பெறகு தாரேன்" என்று ஒவ்வொரு தடவையும் இவள் தட்டிக்கழித்ததும், அவள் முகம் தொங்கியதும் ஞாபகம் இருந்தது. தனக்குக் கிடைக்காதது யாருக்கும் கிடைக்கக் கூடாது என்று வெட்டிவிட்டாள், பாதகத்தி.

நேரில் கேட்டிருக்கலாம்தான். கேட்டால் சண்டை வரும். சண்டை வந்தால் நாலு பேர் நடுவில் புகுந்து சமாதானம் செய்வார்கள். சமாதானம் தமிழ்ச்செல்விக்கு வேண்டாம்.

வெட்டுப்பட்ட கொடியில் உயிர் மிச்சம் இருந்த கணுக்களைத் துண்டு போட்டுத் தனக்கென்று வைத்துக்கொண்டாள். உதிர்ந்த இலைகளை மட்டும் தனியாக எடுத்து மண்ணில் ஊன்றினாள். செடி வளர்ப்பவர்களுக்கு விஷயம் தெரியும். ஹோயா இலையைத் தனியாக ஊன்றினால் வேர் பிடிக்கும், பச்சைப்பசேலென்று நிற்கும், வருஷக்கணக்கில் அப்படியே நிற்கும். ஆனால் தளிர் வராது. தளிர் இருப்பது கணுவில், அதாவது இலை கொடியோடு சேருகிற முடிச்சில். கணு இல்லாத இலைக்கு எவ்வளவு ஊற்றினாலும் அது இலைதான், கொடியாகவே ஆகாது.

ஐப்பசியில் தாரிணி வந்தாள். செடிக் குழுவின் வருடாந்தரப் பரிமாற்றத்துக்கு இந்தத் தடவை எல்லாருக்கும் பெரியவளின் பிள்ளைகளைக் கொடுக்க ஆசை என்றாள். "உங்ககிட்ட கன்னு இருக்கா மதினி?"

"ஒனக்கு இல்லாததா?" என்று சிரித்தாள் தமிழ்ச்செல்வி. வேர் பிடித்த இலைகளை, காம்பே தெரியாதபடி ஆழப் புதைத்து, சின்னச் சின்ன மண்தொட்டிகளில் வரிசையாக எடுத்துக் கொடுத்தாள். தாரிணி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனாள்.

அந்தத் தொட்டிகள் இன்றைக்குக் கை மாறப்போகின்றன. பட்டுப்புடவைக்குக் காரணம் அதுதான்.

"வாரியா, இல்ல செடியோட குடித்தனம் நடத்தப்போறியா?" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தான் ஜெயபாண்டி. வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டானே தவிர அவன் முகம் சரியாக இல்லை.

காளவாசல் சிக்னலில் நின்றபோது கழுத்தைத் திருப்பினான். "செல்வி, ஒன்னய இறக்கி விட்டுட்டு நான் கடைக்குப் போறேனே. சரக்கு வருது."

"ஞாயித்துக்கிழமை எந்த ஊருச் சரக்கு?"

"இல்ல, லாரிக்காரன் சொன்னான்..."

"ஒங்க தங்கச்சி மேடையேறப் போறா. அண்ணன் பாக்க வேணாமா? பேசாம ஓட்டுங்க."

பின்னாலிருந்த வண்டிக்காரன் ஹாரனை அமுக்கினான். ஜெயபாண்டி பேசாமல் ஓட்டினான். பாலத்தைத் தாண்டி, கோரிப்பாளையம் நெரிசலில் ஊர்ந்து, தல்லாகுளத்தில் அந்தச் சின்ன மண்டபத்துக்கு முன் இறக்கிவிட்டவன், அவளோடு முன்னால் வராமல் கடைசி வரிசையில் ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்தான்.

மண்டபம் நிறைந்திருந்தது. அந்தக் குழுவில் செடியை விற்பது கிடையாது, கொடுப்பதுதான். கொடுப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். தொட்டியைத் தூக்குமுன் தலைவர் மைக்கில் "யாரு கை?" என்று கேட்பார். செடி யார் கையால் வளர்ந்ததோ அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். வாங்குகிறவர்கள் தொட்டியைக் கிளறிப் பார்ப்பது மரியாதைக் குறைவு. கையை நம்பி வாங்கிப் போக வேண்டும். அடுத்த வருஷம் அதே செடியிலிருந்து ஒரு துண்டைக் கொண்டுவந்து இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். ஒன்று இரண்டு பட்டுப்போனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஒரு கை கொடுத்தது எதுவுமே தளிர்க்கவில்லை என்று ஆகிவிட்டால், அப்புறம் அந்தக் கையிலிருந்து யாரும் ஒரு புல்லைக்கூட வாங்க மாட்டார்கள்.

தமிழ்ச்செல்வி கணக்குப் போட்டது இதைத்தான். இன்றைக்கு அவள் ஒன்றும் பேச வேண்டியதில்லை, கைதட்டினால் போதும். ஐப்பசியிலிருந்து தொட்டிகளை வளர்த்தவள் தாரிணிதான் என்பதால் மைக்கில் 'பவதாரிணி கை' என்று சொல்வார்கள். அடுத்த தையில் ஒருவர் விடாமல் வெறுங்கையோடு வந்து நிற்பார்கள். மண்டபமே தாரிணியைத் திரும்பிப் பார்க்கும். அதற்காக இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டுமென்றாலும் இவளுக்குச் சந்தோஷமே.

"வாங்க மதினி" என்று ஓடிவந்து கையைப் பிடித்தாள் பவதாரிணி. மஞ்சள் சுடிதாரும் தலையில் மல்லிகையுமாகப் பளிச்சென்று இருந்தாள். "முன்னாடி வாங்க. ஒங்களுக்குன்னு சேர் போட்டு வச்சிருக்கேன்."

"எனக்கெதுக்குடி முன்னாடி? இன்னைக்கு நாயகியே நீதான."

"வாங்கன்னா வாங்க."

முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டுப் போனாள். மேஜையில் அந்த மண்தொட்டிகள் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தடித்த பச்சை இலை. பார்க்கக் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தது. தமிழ்ச்செல்வி கால் மேல் கால் போட்டுக்கொண்டாள்.

தலைவர் கண்ணுச்சாமி போஸ்ட் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மைக்கைத் தட்டி, தொண்டையைச் செருமினார். "அடுத்தாப்புல நாம எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கிற இம்பீரியாலிஸ். கொண்டு வந்திருக்கிறது நம்ம பவதாரிணி. சொல்லும்மா, யாரு கை?"

தமிழ்ச்செல்வி கைதட்டத் தயாரானாள்.

"எங்க மதினி கை" என்றாள் பவதாரிணி. "தமிழ்ச்செல்வி டீச்சர். வேரு பிடிக்க வச்சது, தொட்டியில வச்சது, எல்லாமே அவுக. நான் சுமந்துட்டு வந்ததோட சரி. இந்தா பாருங்க, ஒவ்வொரு தொட்டியிலயும் அவுக பேரத்தான் எழுதி ஒட்டியிருக்கேன்."

மண்டபம் கைதட்டியது. தமிழ்ச்செல்விக்குத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றுபோனது.

ரிப்பனுக்குக் கீழே பார்த்தாள். ஆமாம், ஒட்டியிருந்தது. முத்து முத்தான எழுத்தில், ஒன்று விடாமல் அவள் பெயர். தொட்டிகள் நகர ஆரம்பித்தன. கோர்ட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிற வக்கீலம்மா ஒருத்தி தன் தொட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்து, தமிழ்ச்செல்வியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ரோஜாவே வராது டீச்சர் எனக்கு. ஒங்க கைன்னதும் நம்பிக்கை வந்துருச்சு. அடுத்த வருஷம் பாருங்க, துண்டு என்ன, கொடியாவே கொண்டாரேன்."

தமிழ்ச்செல்வி சிரித்து வைத்தாள். உடம்பெல்லாம் வியர்த்து ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொண்டது. இத்தனை வருஷம் இந்த ஊரில் அவள் சம்பாதித்தது வேறொன்றுமில்லை, இந்தக் கைக்கு இருக்கிற பெயர்தான். அது இப்போது தொட்டி தொட்டியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. அடுத்த தையில் மண்டபம் திரும்பிப் பார்க்கப்போவது தாரிணியை அல்ல.

எழுந்து மேஜைக்குப் பின்னால் போனாள். அடிக்குரலில் சீறினாள். "என்ன காரியம் பண்ணுற நீ?"

பவதாரிணி சிரித்த முகம் மாறாமல் ஒரு தொட்டியை எடுத்து யாரிடமோ நீட்டினாள். பிறகு, உதடு அசைவதே தெரியாமல் சொன்னாள். "நீங்க பண்ணுனதத்தான் பண்ணுறேன் மதினி."

"என்னடி சொல்ற?"

"எலைக்கு எதுக்கு இம்புட்டு ஆழம்னு அன்னைக்கே ஒரு தொட்டியத் தோண்டிப் பாத்தேன். வேரு இருந்துச்சு, கணு இல்ல. கணு இல்லாம தளிர்க்காதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். கை தவறியிருக்கும்னு இன்னொன்னத் தோண்டுனேன். அதுலயும் இல்ல. எல்லாத்தையும் தோண்டிட்டேன். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல மதினி. நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்?"

"என்ன செஞ்சியா? என் கொடிய வெட்டிப்போட்டுட்டு, கேக்குறா பாரு கேள்வி."

பவதாரிணியின் கை தொட்டியோடு நின்றது. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு முதல் தடவையாகக் கழன்றது. "அதுதானா? இம்புட்டு நாளா என்கூடச் சிரிச்சுப் பேசிக்கிட்டு, மனசுல இதத்தான் வச்சிருந்தீங்களா?"

"நீ இல்லைன்னா வேற யாரு?"

பவதாரிணியின் கண் ஒரு தரம் கடைசி வரிசைப் பக்கம் போய் வந்தது. "நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

சொல்ல என்ன இருக்கிறது, அகப்பட்டுக்கொண்டவள் வேறு எப்படிப் பேசுவாள் என்றுதான் தமிழ்ச்செல்விக்குத் தோன்றியது. உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. பேசாமல் வீட்டுக்குப் போனால் ஒரு வருஷம் கழித்துத் தன் பெயர் மட்டும் நாறும். அந்தச் சிறுக்கி மதினியைக் கும்பிட்டு மேடையேற்றிய உத்தமியாக நிற்பாள். விட முடியுமா? தன் பெயர் கெட்டுத் தொலையட்டும், அவள் பெயரும் கூடவே கெடட்டும்.

கண்ணுச்சாமியிடம் போய்க் கையை நீட்டினாள். "மைக்கக் குடுங்கண்ணே."

நாலு வார்த்தை நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து அவரும் சந்தோஷமாகக் கொடுத்தார்.

"எல்லாரும் தொட்டியக் கீழ வைங்க" என்றாள் தமிழ்ச்செல்வி. வகுப்பில் பேசுகிற குரல். வைத்துவிட்டார்கள். "இதுல ஒண்ணுலயும் தளிர் வராது. எலை இப்படியே பச்சையா நிக்கும், நீங்களும் ஆசையா தண்ணி ஊத்திக்கிட்டே இருப்பீங்க. எதுலயும் கணு கிடையாது. கை தவறி இல்ல, தெரிஞ்சேதான் குடுத்தேன். இந்தா நிக்கிறாளே பவதாரிணி, அவளும் தெரிஞ்சேதான் ஒங்க கையில குடுத்தா. வேணும்னா தோண்டிப் பாத்துக்கங்க."

"டீச்சரம்மா, என்ன பேசுறீங்க?" கண்ணுச்சாமிக்கு வேர்த்துவிட்டது.

தோண்டக் கூடாது என்பது முறை. வக்கீலம்மா முறையைப் பார்க்கவில்லை. விரலை விட்டு மண்ணைக் கிளறி, இலையை அப்படியே உருவித் தூக்கிப் பார்த்தாள். காம்பு, காம்பு நுனியில் வேர், அவ்வளவுதான். அவள் அதைத் தமிழ்ச்செல்வியின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இதையா நான் கண்ணுல ஒத்திக்கிட்டேன்?"

தமிழ்ச்செல்விக்குச் சுருக்கென்றது. ஆனால் பின்வாங்குகிற ரகமா அவள்?

"ஏம்மா இப்படி?" என்றார் கண்ணுச்சாமி. "எங்க மேல என்ன கோவம்?"

"ஒங்க மேல இல்லண்ணே. எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடந்தாக. அந்த நேரம் பாத்து, மொட்டு விட்டு நின்ன என் கொடிய அடியோட வெட்டுனவ இவ. இவ கையில இருந்து ஒருத்தரும் ஒரு எலகூட வாங்கக் கூடாதுன்னு நினைச்சேன். இப்பவும் அதத்தான் நினைக்கிறேன்."

எல்லாரும் பவதாரிணியைப் பார்த்தார்கள். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் கரை கட்டியிருந்தது. இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. தமிழ்ச்செல்வி அந்த முகத்தை ஆசை தீரப் பார்த்தாள். இதற்காகத்தானே இத்தனை நாள் கறுவிக்கொண்டிருந்தாள்.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"செல்வி."

ஜெயபாண்டி எழுந்து நின்றான். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தான்.

"போதும் செல்வி. வெட்டுனது அவ இல்ல. நாந்தான்."

தமிழ்ச்செல்விக்கு முதலில் காது அடைத்தது. பிறகு, மாடியில் நின்று 'தாரிணிதான் வந்து போனா' என்று வாய் கூசாமல் சொன்ன அதே வாய்தானா இது என்று பார்த்தாள். அந்த வாய்தான். தங்கச்சி தலையில் பழியைப் போட்டுவிட்டு, பக்கத்தில் படுத்துத் தூங்கி, இன்றைக்கு வண்டியிலும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

வருத்தமோ வெட்கமோ வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவளுக்கு அப்படி எதுவும் வரவில்லை. இத்தனை மாதம் வளர்த்த கோபம் ஒரு சொட்டுக்கூடக் குறையாமல், நின்ற இடத்திலேயே திரும்பிப் புருஷனைப் பார்த்தது.

"எதுக்கு வெட்டுனீங்க?" மைக்கிலேயே கேட்டாள்.

ஜெயபாண்டி நாற்காலிகளை விலக்கிக்கொண்டு நடுவழிக்கு வந்தான். "செல்வி, அது வந்து..."

அதற்குள் பவதாரிணி மேஜையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து, அவனுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டாள்.

"சொல்லாதண்ணே" என்றாள். "என்ன ஆனாலும் சரி, அத மட்டும் சொல்லாத."

அவன் சரி என்று தலையாட்டினான்.

தமிழ்ச்செல்வி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணனும் தங்கச்சியும் ஒரு பக்கம் நின்றார்கள். மண்டபம் முழுக்கக் கீழே வைத்த தொட்டிகளுக்குப் பின்னால் நின்றது. அவள் பக்கம் யாரும் இல்லை. அது அவளுக்குச் சௌகரியமாகவே பட்டது.

"சரி, காரணம் எனக்கு வேணாம்" என்றாள், மைக்கை வாயிலிருந்து எடுக்காமல். "இம்புட்டு நாளும் ஒருத்தியத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். இனிமே ரெண்டு பேரையும்."